சீரங்காயிக்காக நான் கொடுத்த குரல்

என் அண்ணன் வீரய்யா பசறைக்கு மேலே ஒரு தோட்டத்தில் தேயிலைச் செடிகளைத் தறித்துக் கவ்வாத்து வெட்டினான். நெட்டையன். குனிய மறந்து எங்கள் லயத்து வரிசைவீட்டு வாசலில் தினமும் நெற்றியை இடித்துக்கொள்வான். தேயிலை ஸ்டோருக்குத் தீ வைத்தவன் என்று அவனைச் சொன்னார்கள். அவன் வைக்கவில்லை. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், மற்றதைப் பிறகு சொல்கிறேன்.

அப்போது பதுளைக்கு ரயில் வரவில்லை. ஸ்டோர் எரிந்த அந்தியில் எனக்கு இடுப்பு வலி. என் புருஷன் காய்ச்சலில் கிடந்தார். மருத்துவச்சி சீரங்காயியைக் கூட்டிவர மடுல்சீமைப் பக்கம் ஓடியது அண்ணன்தான். அவன் அவள் வாசலில் நின்ற நேரத்தில் இங்கே கூரை பற்றியது. ஆனால் முந்தின வாரம், அடிக்க ஓங்கிய கங்காணியின் கையை அவன் பிடித்திருந்தான். "வீரய்யா தீப்பந்தத்தோட ஓடுனதைக் கண்ணால பாத்தேன்" என்று கங்காணி சொல்லிவிட்டான்.

பதுளைக் கோர்ட்டில் இரண்டு முறை தவணை போட்டார்கள். இரண்டு முறையும் அண்ணனை விலங்கோடு கொண்டுவந்து, பெயரைக் கேட்டுவிட்டு, மறுபடி சிறைக்கு அனுப்பினார்கள். மூன்றாம் தவணையன்று கோர்ட்டு முதலியார், நீதிபதித் துரையின் இங்கிலீஷை நமக்குத் தமிழில் சொல்பவர், எனக்கு விளக்கினார்.

"இன்னைக்குத் தீர்ப்பு இல்லம்மா. ரெண்டு பக்கத்துச் சாட்சியையும் தொரை கேட்டு எழுதுவார். வழக்குல சத்து இல்லேன்னா இன்னைக்கே விட்டுருவார். இருந்தா கண்டிப் பெரிய கோர்ட்டுக்கு அனுப்புவார். எழுதுனது எல்லாம் கூடவே போகும்."

"எங்க சாட்சி சீரங்காயி வந்துருவாங்கய்யா."

வரவில்லை. வழியில் ஒரு லயத்தில் ஒருத்தி வயிற்றில் பிள்ளை குறுக்கே கிடந்ததாம். அதை விட்டுவிட்டு எப்படி வருவாள்? எனக்கு அது அப்போது தெரியாது.

கங்காணி சொல்லி முடித்தான். சேவகன் வாசலில் நின்று கூப்பிட்டான். "சீரங்காயி!" மறுபடியும், "சீரங்காயி!"

எங்கள் காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் கணக்கெடுத்துப் பெயர் கூப்பிடும்போது, ஒருத்தி வரப் பிந்தினால், பக்கத்தில் நிற்பவள் குரல் கொடுப்பாள். பிந்தியவள் மூச்சிரைக்க வந்து வரிசையில் நுழைந்துகொள்வாள். எனக்காக அண்ணனே பெண் குரலில் கொடுத்திருக்கிறான். பெயர் வெட்டுப்பட்டு அன்றைய கூலி போகக் கூடாது, அவ்வளவுதான். மூன்றாம் முறை கூப்பிட்டபோது, துணியில் சுற்றிய பிள்ளையோடு நான் எழுந்தேன்.

"இருக்கேங்க!"

என்னைக் கூண்டில் ஏற்றிவிட்டார்கள்.

"தொரை, இவ சீரங்காயி இல்லீங்க, இவன் தங்கச்சி!" என்று கங்காணி கத்தினான். "தான் பெத்த பச்சை ஒடம்பே இன்னும் ஆறல, இவ மருத்துவச்சியாம்!"

கோர்ட்டே சிரித்தது. துரை சிரிக்கவில்லை.

"ஏம்மா பொய் சொன்ன?" என்றார் முதலியார்.

"பொய் இல்லீங்க. வந்துருவாங்க. பேரை மட்டும் வெட்டிராதீங்க."

அதையும் எழுதினார்கள்.

பிற்பகலில் சீரங்காயி வந்தாள், முந்தானையில் இரத்தம் காயாமல். உள்ளதை உள்ளபடி சொன்னாள். துரை அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஆள் மாற்றிச் சாட்சி வைக்கப் பார்த்த வீடு இது, இவள் பேச்சைப் பெரிய கோர்ட்டே எடை போடட்டும் என்று அண்ணனைக் கண்டிக்கு அனுப்ப எழுதிவிட்டார்.

விலங்கோடு போகும்போது அண்ணன் என்னிடம் திரும்பினான்.

"அழுவாத தங்கச்சி. ஒங்கொரல் நல்லாத்தான் கேட்டுச்சு, பெரட்டுக் களம் வரைக்கும் கேட்டிருக்கும். புள்ளைக்குப் பால் குடு, போ."

கண்டித் தவணைக்குப் பதினொரு நாள் இருக்கும்போது சிறையில் வயிற்றுக்கடுப்பில் செத்துப்போனான். வழக்கும் அதோடு போனது. குற்றவாளி என்றும் எழுதவில்லை, இல்லை என்றும் எழுதவில்லை.

நான் செய்தது தப்பு என்று தோட்டமே சொல்லிற்று. கோர்ட்டுக்குத் தப்பு, சரி. தெரிந்தவள் பெயரைக் கூப்பிடும்போது வாயை மூடிக்கொண்டு நிற்க நான் எங்கே கற்றேன்?

செய்தி வந்த மறுநாள், புதிதாக வந்த கணக்கப்பிள்ளை பெரட்டில் பழைய பட்டியலை வாசித்தார்.

"வீரய்யா!"

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. அவர் மறுபடியும் கூப்பிட்டார்.

"வெட்டிருங்கய்யா" என்றேன்.