டிராக்டரில் கட்டிய கூரை

கிளியனூர் இருதயமேரியின் தகரக் கூரை போன புயலில் பறந்துபோய், மயிலம் மலையை மூன்று சுற்று சுற்றிவிட்டுத்தான் இறங்கியது, பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அதனால் இந்த முறை புயல் என்றதும் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மணல் மூட்டைகளைத் தகரத்தின்மேல் அடுக்கினாள், இறங்கினாள், மறுபடி ஏறி நகர்த்தினாள். மூன்று மூலைகளைக் கயிற்றால் இழுத்து முளையடித்துவிட்டாள். நாலாவது முளை மட்டும் ஈர மண்ணில் நிற்கவேயில்லை. அந்தக் கயிற்றை, நிலக்காரர் பச்சைமுத்து அவள் வாசலில் நிறுத்தியிருந்த டிராக்டரில் கட்டிவிட்டாள்.

சாயங்காலம் அவர் வந்தார். “இன்னா மேரி இது? வண்டிய எடுக்கணுமே!”

“எடுங்க. ஊடும் பின்னாலயே வரும். உங்க ஷெட்டுல எடம் இருக்குதுங்களா?”

அவர் சிரித்துவிட்டார். “காத்து நின்னதும் நீயே ஓட்டிக்கினு வா” என்று சாவியை நீட்டினார்.

சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, பத்தாவது தடவையாக முடிச்சை இழுத்துப் பார்க்கப் போனாள் அவள்.