கோரைப் பாத்தி

அரிமளத்து ரஞ்சிதா தாவரவியல் படித்து முடித்த கையோடு, மத்திய அரசின் பணத்தில் நடந்த ஓர் ஆராய்ச்சியில் உதவியாளராகச் சேர்ந்தாள். திருமயம் பக்கத்தில் ஒரு கண்மாய். ஊர்ச் சாக்கடையெல்லாம் ஒரே வாய்க்காலாக வந்து அதில்தான் விழும். அந்த வாய்க்கால் முகத்தில் சம்பங்கோரையும் வெட்டிவேரும் பாத்தி கட்டி வளர்த்தால், கழிவுநீர் வேருக்குள் புகுந்து வடிந்து, கீழே உள்ள வயல்களுக்குப் பாய்கிற அளவுக்குத் தெளியுமா என்பதுதான் கேள்வி.

முதல் வருடம் நட்டதையெல்லாம் ஆடு மேய்ந்துவிட்டது. கருவேல முள்ளை வெட்டி வேலி கட்டி மறுபடி நட்டாள். சேறு இடுப்புவரை ஏறும். குளித்தாலும் வாடை போகாது. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவர்கள் எழுந்து போயிருக்கிறார்கள். மறு வருடம் கோரை ஆளுயரம் வளர்ந்தது. பாத்திக்கு இந்தப் பக்கம் கறுப்பாக வந்த தண்ணீர் அந்தப் பக்கம் வெளிறிப்போய் வெளியேறியது. இனி அடைமழை வெள்ளத்தை அது தாங்குகிறதா என்று பார்க்க வேண்டியதுதான் பாக்கி.

புரட்டாசியில் ஒரு காலை அவள் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே பொக்லைன் சத்தம் கேட்டது. ஓடினாள். கண்மாயைத் தூர்வாரப் பொதுப்பணித்துறை அனுப்பிய இயந்திரம் பாத்தியில் பாதியை அள்ளிக் கரையில் கொட்டியிருந்தது. குறுக்கே போய் நின்றாள். டிரைவர் எஞ்சினை அணைத்தான். வேலையைக் கவனித்துக்கொண்டிருந்த பாலாஜி என்பவர் வந்தார். இது அரசாங்க ஆராய்ச்சி, தொடக்கூடாது என்றாள். அவர் கோபப்படவில்லை.

"நீங்களும் கவர்மெண்டு, நாங்களும் கவர்மெண்டு. யாரு யாருக்காக நிக்கிறது, சொல்லுங்க?"

அவள் ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கிய பேராசிரியர் ரகுநாத்துக்கு போன் போட்டாள். அவர் டெல்லியில், இதே ஆராய்ச்சிக்கான ஆய்வுக் கூட்டத்தில் இருந்தார். போன் அணைந்திருந்தது. எந்த அதிகாரியைக் கேட்டாலும் இன்னொருவரைக் கைகாட்டினார். பாலாஜி மதியம்வரை பொறுத்துப் பார்த்தார். பிறகு பொக்லைன் மிச்சத்தையும் வாரியது.

கரையில் கூடியிருந்தவர்களுக்கு அதில் வருத்தம் ஒன்றுமில்லை. கண்மாய் ஆழப்பட வேண்டும் என்று பல வருடமாக அலைந்தவர்கள் அவர்கள். கீழ் வயல்காரர் ஆத்மநாதன் அவளுக்குத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

"புல்லுதானே ஆத்தா, திரும்ப வளத்துக்கலாம். தண்ணி நிக்க எடம் வேணும்ல."

அவர் சொன்னதும் தப்பில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது. வாய்க்கால் முகத்தை மட்டும் விட்டுவிட்டு வாரியிருந்தால் ஆழமும் கிடைத்திருக்கும், பாத்தியும் பிழைத்திருக்கும். இரண்டு அலுவலகங்களும் ஒருநாள் உட்கார்ந்து பேசியிருந்தால் போதும்.

ஐப்பசியில் கண்மாய் நிரம்பியது. சாக்கடை தடையில்லாமல் இறங்கி, மதகில் நுரை கட்டிப் பாய்ந்தது. வயலில் இறங்கிய பெண்களுக்குக் காலெல்லாம் அரிப்பு. ஆத்மநாதனே போன் பண்ணி, அந்தக் கோரையைத் திரும்ப நட்டுவிட முடியுமா என்று கேட்டார். இந்த மழையோடு ஆராய்ச்சிக் காலம் முடிகிறது என்று சொல்ல அவளுக்கு வாய் கூசியது. பாத்தியை வாரியது யார், ஏன் என்று அவள் இறுதி அறிக்கையில் ஒரு பக்கம் எழுதியிருந்தாள். ரகுநாத் அதை அடித்துவிட்டு, 'தவிர்க்க இயலாத களச் சூழல்' என்று மாற்றினார்.

"உண்மையத்தானே சார் எழுதுனேன்?"

"அடுத்த புராஜெக்ட் வேணாமா ஒனக்கு?"

அடுத்ததற்கும் விண்ணப்பித்தார்கள். அதே இடம், அதே கோரை, இந்த முறை வெள்ளக்காலம் முழுவதும் கவனிக்க. தையில் பதில் வந்தது: இவ்விடத்தில் இதே ஆய்வு ஏற்கெனவே நிறைவேற்றப்பட்டுள்ளதால் மீண்டும் நிதி வழங்கத் தேவை எழவில்லை.

ரகுநாத் படித்துவிட்டுச் சிரித்தார். ரஞ்சிதா எழுந்து வெளியே வந்துவிட்டாள். இப்போது அவள் ஒரு தனியார் பள்ளியில் பதினோராம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறாள். ஆத்மநாதன் அழைத்தால் மட்டும் போனை எடுப்பதில்லை.