தம்பிக்காக விட்ட வேலை

மானகிரி அழகிக்கு அப்போது ஐம்பத்தோரு வயது. பழைய செட்டியார் வீடு ஒன்றை விடுதியாக மாற்றியிருந்தார்கள். அங்கே துணி துவைத்துத் தேய்க்கும் வேலை, பதினாறு வருடமாக. படுக்கை விரிப்பைச் சுருக்கமில்லாமல் மடிப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

தாய் தகப்பன் போனபிறகு தம்பி அருள்பாண்டியை அவள்தான் வளர்த்தாள். அவனுக்குக் கல்யாணம் முடித்து நிமிர்ந்தபோது அவளுக்குக் கல்யாண வயது ஓடியிருந்தது. சம்பளத்தில் பி.எஃப். பிடிக்கும்போது மற்றவர்கள் முணுமுணுப்பார்கள். அவள் மட்டும், "பிடிக்கட்டும். கடைசிக் காலத்துல எனக்குக் கஞ்சி ஊத்த அதுதான் இருக்கு" என்பாள்.

2023 ஆடியில் அருள்பாண்டி ஓட்டிய லாரி கவிழ்ந்தது. உயிர் பிழைத்தான், இடுப்பு நொறுங்கிப்போனது. முதல் அறுவை சிகிச்சையோடு காப்பீட்டுப் பணம் தீர்ந்தது. மூன்று மாதத்துக்குள் இடுப்பு மூட்டை மாற்றினால்தான் நடப்பான், மூன்றரை லட்சம் ஆகும் என்றார் மதுரை டாக்டர்.

அழகி விடுதி மேலாளர் ஸ்ரீநிவாசன் முன்னால் போய் நின்றாள். அவர் கணினியில் பார்த்துவிட்டுத் தயங்கினார்.

"வைத்தியச் செலவுக்குப் பி.எஃப்.ல எடுக்கலாம் அக்கா. ஆனா தம்பிக்குன்னு எடுக்க முடியாது. புருசன், பிள்ளை, தாய் தகப்பன், இவுகளுக்குத்தான்."

"இவுகள்ல ஒருத்தரும் எனக்கு இல்லையே சார்."

அடுத்து அவளே கேட்டாள்:

"வேலையை விட்டுட்டா?"

"ரெண்டு மாசம் கழிச்சு முழுசா எடுக்கலாம். அதுக்கப்புறம் என்ன செய்வீக? இந்த வயசுல திரும்ப நிரந்தர வேலை கிடைக்காதுக்கா."

அன்றைக்கே விலகல் கடிதத்தில் கையெழுத்துப் போட்டாள். அந்த இரண்டு மாதமும் கல்யாண மண்டபங்களில் பாத்திரம் துலக்கினாள். பணம் வந்தது, மூன்று லட்சத்து எழுபதாயிரம். தம்பியிடம், "விடுதி முதலாளி உதவுனாரு" என்றாள்.

ஆபரேஷன் நடந்தது. தை பிறந்தபோது அருள்பாண்டி கம்பை ஊன்றி நடந்தான். லாரி மட்டும் இனி ஓட்ட முடியாது. சிவகங்கையில் ஒரு பெட்ரோல் பங்கில் உட்கார்ந்து பில் போடும் வேலை கிடைத்தது. பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகளோடு ஓர் அறை வீட்டுக்குக் குடிபோனான்.

அழகி மறுபடி விடுதிக்குப் போனாள். அவள் இடத்தில், முன்பு அவளிடம் வேலை பழகிய பெண் இருந்தாள். அழகியைக் காண்டிராக்டர் மூலமாகத் தினக்கூலிக்கு எடுத்தார்கள். வராத நாளுக்குக் காசு இல்லை, பி.எஃப். பிடித்தமும் இல்லை. தான் பழக்கிவிட்ட பெண்ணிடமே, "இன்னைக்கு எத்தனை விரிப்பு?" என்று கேட்டு வாங்கித் தேய்த்தாள்.

முதலாளிக்கு நன்றி சொல்ல அருள்பாண்டி ஒருநாள் விடுதிக்கு வந்தபோது ஸ்ரீநிவாசன் உண்மையைச் சொல்லிவிட்டார். அவன் கம்பைத் தட்டித் தட்டி, அவள் துணி தேய்க்கும் அறை வாசலுக்கு வந்தான்.

"நான் நடக்காமலே கிடந்திருப்பேன்ல அக்கா. வயசான காலத்துல நீ என்ன செய்வே?"

அவள் தேய்ப்புப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். தம்பி அழுதுகொண்டிருந்தான்; சின்னப் பிள்ளையாக இருந்த காலத்துக்குப் பிறகு அவன் அழுது அவள் பார்த்ததேயில்லை.

"எங்கூட வந்துரு அக்கா" என்றான்.

ஐந்தாவதாக ஓர் ஆள் படுக்க இடமில்லாத அந்த ஓர் அறையை இருவரும் நினைத்துக்கொண்டார்கள்.

"வாரேன்டா" என்றாள் அழகி. எப்போது என்று அவன் கேட்கவில்லை.