புதுக்கோட்டை ராஜாவுக்கு ஊவாவுல ஒரு மேடை

ராஜா கதை சொல்ற தொழில்ல ராஜாவா ஆகுறது சுலபம், கதை முடியிற வரைக்கும் கூட்டத்தை ஒக்கார வைக்கிறதுதான் பாடு. இப்ப நீங்களும் யானை வரும், வாள்சண்டை வரும், அந்தப்புரம் வரும்னு சப்பணம் போட்டு ஒக்காந்திருப்பீங்க, தெரியும். யானை வராது. மேடை ஏறி மூக்கொடைஞ்ச கூட்டாளிங்க யாராச்சும் இருந்தா கிட்ட வாங்க, ஒங்களுக்குத்தான் இதெல்லாம்.

எனக்கு இலங்கையில, ஊவா மாகாணத்துப் பதுளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து ஸ்டோர்ல, அதான் ஃபாக்டரியில, கொழுந்து வாட்டுற வேலை. எங்கப்பா புதுக்கோட்டையில பொறந்தவரு. தோட்டத்துல பாதிப் பேரோட பெரியவங்களும் அந்தப் பக்கமிருந்து வந்தவங்கதான். அதனால மாரியம்மன் திருவிழாவுல கடைசி நாள் அந்தச் சமஸ்தானத்து வரலாறைச் சொல்றது என் பொறுப்பு. ஊரை நான் பார்த்ததில்ல. அப்பா சொன்னது பாதி, என் கைச்சரக்கு பாதி.

நூல் புடிச்ச தெரு

மொத வருஷம் பட்டுத்துணியைப் போத்திக்கிட்டு செந்தமிழ்ல எடுத்து விட்டேன். கூட்டம் எந்திரிச்சு கடலைக்காரன்கிட்ட போயிடுச்சு. கோயில் தலைவர் மாரிமுத்து அண்ணன் மேடைக்குக் கீழ வந்து, இன்னொரு தரம் இப்படி ஆச்சுன்னா பண்டாரவளையிலேருந்து பாட்டுக் கோஷ்டியைக் கூட்டிட்டு வந்துருவேன், ஒனக்கு மேடை கெடையாதுன்னு கறாரா சொல்லிட்டாரு.

பயத்துல ஊர் தீப்புடிச்ச கதைக்குத் தாவினேன். ஊரே எரிஞ்சு போனப்புறம் ராஜா தெருவையெல்லாம் நூல் புடிச்ச மாதிரி நேரா வெட்டி, வரிசை வரிசையா ஓட்டு வீடு கட்ட வச்சாருன்னு சொன்னேன். கொழுந்து பறிக்கிற செல்லம்மா முன்வரிசையில எந்திரிச்சு நின்னுச்சு.

"வரிசையா ஓட்டு வீடுன்னா அது நாம குடியிருக்கிற லயம்தானேண்ணே? ராஜா கட்டினது ஒழுகுச்சா இல்லையா, அதை மொதல்ல சொல்லுங்க."

துரை ஒக்காந்துட்டாரு

செல்லம்மா புண்ணியத்துல எனக்கு வழி தெரிஞ்சுது. இந்தக் கூட்டம் ராஜாவை எங்க பார்த்துச்சு? பார்த்ததெல்லாம் தோட்டத்தை நடத்துற வெள்ளைக்காரத் துரையைத்தான். அடுத்த திருவிழாவுக்கு என் ராஜா காக்கி அரைக்கால்சட்டையில வந்தாரு. தர்பாருன்னா, காலையில ஆள் எண்ணி மலைக்கு அனுப்புற பெரட்டு. திவான்னா பெரிய கணக்கப்பிள்ளை. எங்க துரை திட்டுறதுக்கு முன்னாடி ரெண்டு தரம் செருமி, பிரம்பால பூட்ஸைத் தட்டுவாரு. ராஜாவும் அதே.

திருவிழாவுக்கு வந்து, மாலையைப் போட்டதும் கெளம்பிப் போற துரை அன்னிக்குன்னு பார்த்து நாற்காலியில சாஞ்சு ஒக்காந்துட்டாரு. ராஜா செருமினாரு. சனம் துரையைத் திரும்பிப் பார்க்குது. மாரிமுத்து அண்ணன் ஓரத்துல நின்னு, போதும் எறங்குன்னு கையைக் காட்டுறாரு. இங்கதான் கூட்டாளிங்களே தொழிலே இருக்கு: நிறுத்தினாலும் செத்தோம், அவசரப்பட்டாலும் செத்தோம். துரை மொகத்தையே பார்த்துக்கிட்டு, நல்லா நேரம் எடுத்து, பூட்ஸுல ஒரு தட்டு தட்டினேன். கீழ அவரும், பழக்க தோஷம், தன் பூட்ஸுல ஒரு தட்டு. அவ்வளவுதான், சிரிப்புல மலையே அதிர்ந்துச்சு. துரையும் கண்ணைத் தொடைச்சுக்கிட்டு அவரு தமிழ்ல சொன்னாரு:

"இந்த ராஜா நாளைக்கு பெரட்டுக்கு வரச் சொல்லு. நான் அவனுக்கு கங்காணி வேலை குடுக்கறான்."

சாவி கை மாறின கதை

தோட்டங்களை அரசாங்கம் எடுத்தப்ப துரை இங்கிலாந்துக்குப் போயிட்டாரு. அந்த வருஷம் நான் எடுத்தது, சுதந்திரம் வந்த கையோட ராஜா சண்டை சச்சரவில்லாம சமஸ்தானத்தை டில்லி சர்க்காருக்குக் குடுத்த கதை. ராஜா அரண்மனைப் படியில நிக்கிறாரு. சாவிக்கொத்தைக் குடுக்கிறாரு. குனிஞ்சு நாயோட காதைத் தடவி, "நல்லா சாப்பிடு, யாரையும் கடிக்காதே"ன்னு சொல்லிட்டுத் திரும்பிப் பார்க்காம நடக்கிறாரு. செருமல் மட்டும் தூரமா கேக்குது.

சிரிக்க வந்த சனம் எந்திரிச்சு நின்னு கை தட்டுச்சு. பங்களாவுல துரைக்குச் சமைச்ச அப்பு விறுவிறுன்னு மேடைக்கே ஏறி வந்து என் கையைப் புடிச்சுக்கிட்டாரு.

"துரை கெளம்புறப்ப நாய்கிட்ட சொன்னதைக்கூட அப்படியே சொல்லிட்டீங்க. அங்க நான் ஒருத்தன்தானே நின்னேன், நீங்க எங்க ஒளிஞ்சிருந்தீங்க?"

பாட்டுக் கோஷ்டியும் வந்துச்சு

மாரிமுத்து அண்ணனுக்கு ஆசை விடல. கடைசியில ஒரு வருஷம் பாட்டுக் கோஷ்டியையும் கூப்பிட்டு, கோயிலுக்கு அந்தப் பக்கம் அவங்க, இந்தப் பக்கம் நான்னு விட்டுட்டாரு. யார் பக்கம் கூட்டமோ அவங்களுக்குத்தான் இனிமே மேடை. அவங்க பாட்டு பாட்டா மாத்திப் பார்த்தாங்க. நான் ஒண்ணும் பண்ணல, ராஜாவை ரெண்டு தரம் செரும வச்சேன். அங்க ஒக்காந்திருந்த சனம் பாயைச் சுருட்டிக்கிட்டு இங்க வந்துச்சு. கொஞ்ச நேரத்துல மத்தளம் அடிக்கிறவரும் வந்தாரு. கதை முடிஞ்சதும் மாரிமுத்து அண்ணனே மாலை போட்டு, கடைசி நாள் மேடை என்னைக்கும் ராஜாவுக்குத்தான்னு மைக்குல சொன்னாரு. என்னைத் தோள்ல தூக்கிட்டாங்க.

பதுளை பஜார்ல பெட்டி விக்கிற கடை வச்சிருக்கிற முஸ்லிம் அண்ணன், நாங்க நானான்னு கூப்பிடுறவரு, திருவிழாவுக்குக் கடை போட வந்தவரு, பக்கத்துல நின்னு பார்த்துக்கிட்டிருந்தாரு. எப்படி நானான்னு தோள் மேலிருந்தே கேட்டேன். அவரு சுத்திப் பார்த்துட்டுச் சொன்னாரு:

"கதை நல்லா இரிக்கி ராஜா. ஆனா இங்க சிரிச்ச சனத்துல பாதிக்கு ட்ரங்குப் பெட்டி வித்தது நான்தான். ரெண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தத்துல இந்தியா பாஸ்போர்ட் வந்திரிச்சு, எல்லாம் ஒங்க புதுக்கோட்டைப் பக்கம்தான் போகுது. அடுத்த வருஷம் ஆருக்குச் சொல்லப் போறீங்க?"

ஆக, கூட்டாளிங்களே, மேடையை ஜெயிச்சது நான்தான், கூட்டம்தான் கதை நடந்த ஊருக்கே ரயிலேறிடுச்சு.