போர்டு மட்டும் வந்த பள்ளிக்கூடம்

எங்கள் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. அதில் மாதத்துக்கு ஒருமுறையாவது யாராவது ஒருவர் கைகூப்பிய படத்தோடு பள்ளியின் வரலாற்றை அனுப்பிவைக்கிறார். 'அந்தக் காலத்தில் கட்டடமே இல்லாமல், ஒரே ஒரு போர்டை மட்டும் நட்டுவைத்துத் தொடங்கப்பட்ட பள்ளி நம் பள்ளி. அதனால்தான் போர்டு ஸ்கூல் என்ற பெயர். பெருமையுடன் பகிர்வோம்.' உடனே ஆளாளுக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறார்கள்.

நானும் சளைக்காமல் ஒவ்வொரு முறையும் திருத்துகிறேன். வெள்ளைக்காரன் காலத்தில் ஜில்லா போர்டு என்று ஒன்று இருந்தது, ரோடு போடுவது, பள்ளிக்கூடம் நடத்துவது எல்லாம் அதன் பொறுப்பு, அது நடத்தியதால் போர்டு ஹைஸ்கூல், பிறகு போர்டு போய் அரசாங்கம் எடுத்துக்கொண்டது, பேர் மட்டும் ஊர் வாயில் ஒட்டிக்கொண்டுவிட்டது என்று விரல் வலிக்கத் தட்டுகிறேன். போன மாதம் எனக்கு இரண்டு வகுப்பு கீழே படித்த ஒருவர் பதில் போட்டார்: 'மேடம், சொந்த ஸ்கூலோட வரலாறு தெரியாம பேசாதீங்க.'

போனைத் தூக்கி எறியலாம் போல இருந்தது. அந்தப் பொய்யை இந்த உலகத்தில் முதன்முதலாக மைக் பிடித்துச் சொன்னவளே நான்தான். எனக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவர் என் சித்தப்பா.

அப்போது நான் எட்டாம் வகுப்பு. 'அரசு மேல்நிலைப் பள்ளி' என்ற பெயர் மதிப்பெண் பட்டியலுக்கு மட்டும் தெரிந்த ரகசியம். கூத்தாநல்லூரிலிருந்து வரும் பஸ்ஸின் கண்டக்டருக்கு அது போர்டு ஸ்கூல். அதே பள்ளியில் படித்த அப்பாவுக்கும் போர்டு ஸ்கூல். ஏன் அந்தப் பெயர் என்று யாரும் யாரையும் கேட்டதில்லை. வாசலில் போர்டு இருந்தது, அதில் கேட்க என்ன இருக்கிறது?

போர்டுதான் இருந்தது, கட்டடம் இல்லை என்பது வேறு விஷயம். அதாவது, கட்டடம் நின்றுகொண்டிருந்தது, உள்ளே போகத்தான் முடியாது. நான் ஆறாவதில் சேர்ந்த வருஷம், ஓர் ஐப்பசி மழையில், ஞாயிற்றுக்கிழமை என்பதால் எல்லார் தலையும் தப்பியது, ஒன்பதாம் வகுப்பின் கூரை பெயர்ந்து பெஞ்சு மேல் விழுந்தது. ஒரு வாரம் கழித்து யாரோ வந்து சுவரில் சிவப்பு மையால் 'பழுதடைந்த கட்டடம், உள்ளே செல்லாதீர்' என்று எழுதிவிட்டுப் போனார்கள். அத்தோடு சரி. இரண்டு வருஷமாக ஆறாவது சைக்கிள் கொட்டகையில், ஏழாவது பி புங்கமரத்தடியில், நாங்கள் சத்துணவுக் கூடத்துத் தாழ்வாரத்தில். பத்தரை மணிக்குச் சாம்பார் கொதிக்கிற வாசனையில் எனக்கு அல்ஜீப்ரா ஏறவே இல்லை. மழை வந்தால் லீவு. எங்கள் பக்கத்தில் ஐப்பசி, கார்த்திகை என்றால் என்ன மழை என்று தெரிந்தவர்களுக்கு நாங்கள் எவ்வளவு படித்திருப்போம் என்பதும் தெரியும்.

இதில் என் அத்தை மகள் வேறு. அவளுக்கு மஞ்சள் வேன், கழுத்தில் டை, மெட்ரிகுலேஷன் பள்ளி. ஞாயிறுதோறும் எங்கள் வீட்டுக்கு வந்து என் தட்டில் இருக்கும் அப்பளத்தையும் எடுத்துக்கொண்டு சொல்லுவாள்: "ஒங்க ஸ்கூலுக்கு நல்லாத்தான்டி பேரு வச்சிருக்காங்க. போர்டு மட்டும்தானே இருக்கு!"

அவள் வாயை அடைக்க ஒரு பதில் வேண்டும் என்பதைத் தவிர எனக்கு அந்த வருஷம் வேறு லட்சியம் எதுவும் இல்லை. அப்போதுதான் தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டார். ஆண்டுவிழாவுக்குக் கலெக்டர் வருகிறார், பள்ளியின் வரலாற்றை ஒரு மாணவி ஐந்து நிமிடம் பேச வேண்டும், காலையில் பிரார்த்தனை வாசிக்கிறவள் நான்தான் என்பதால் நானே பேசிவிடலாம் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அத்தை மகளின் பள்ளிக்கு வயது என்னைவிடக் குறைவு. வரலாறு என்று வந்துவிட்டால் அவள் வாய் திறக்க முடியாது.

ஆனால் வரலாறு எங்கே இருக்கிறது? பழைய ரெஜிஸ்டர்கள் பூட்டிய கட்டடத்துக்குள் கறையானோடு இருந்தன. தமிழம்மாவைக் கேட்கலாம் என்றால் அவரை வாக்காளர் பட்டியல் வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். அப்பாவிடம் கேட்டேன். வயலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர், "போர்டு ஸ்கூல்னா போர்டு ஸ்கூல்தான். வேற என்ன?" என்று சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சித்தப்பா மட்டும் நின்றார்.

சித்தப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதே பள்ளியில் ஒன்பதாவதோடு நின்றவர். அப்பாவோடு வயலில் நிற்கிற நேரம் போக மிச்ச நேரமெல்லாம் வாயால் வாழ்கிறவர். உழுகிற டிராக்டர் பின்னாலேயே கொக்குகள் நடப்பது டிரைவர் அவற்றைச் சம்பளத்துக்கு வைத்திருப்பதால்தான் என்று சொல்லி, அதை நான் மூன்றாம் வகுப்பில் எழுந்து நின்று சொல்லும்படி செய்தவர். அதற்குப் பிறகும் அவரை நம்பினேன் என்றால் என்னைத்தான் சொல்ல வேண்டும். திங்கட்கிழமைகளில் மட்டும் அவரைப் பிடிக்க முடியாது. வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு, மஞ்சள் பையை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு காலை பஸ்ஸில் போய்விடுவார். எங்கே என்று கேட்டால், "ஒரு வேல இருக்கு." சினிமாக் கொட்டகையில்தான் வேலை என்று சித்தி அடுப்படியிலிருந்து பொரிவார். திரும்பி வரும்போது சட்டைப்பையில் ஊதா முத்திரை குத்திய ஒரு துண்டுச் சீட்டு இருக்கும். ஓர் எண், ஒரு கிறுக்கல் கையெழுத்து, அவ்வளவுதான். "இந்தா ஆயி, புஸ்தகத்துல அடையாளத்துக்கு வச்சுக்க" என்று என்னிடம் நீட்டுவார். என் பாடப் புத்தகங்களில் பாதி அந்தச் சீட்டுகளோடுதான் கிடந்தன.

"வரலாறுதானே? நான் சொல்றேன், எழுதிக்க" என்றார். "அந்தக் காலத்துல நம்ம ஊருக்கு ஸ்கூல் வேணும்னு எல்லாரும் கேட்டாங்களா, சரின்னு மேலேருந்து மொதல்ல போர்டை அனுப்பிவச்சாங்க. கட்டடம் பின்னால வருதுன்னாங்க. ஊர்க்காரங்க போர்ட நட்டாங்க. கட்டடம் வரல. புள்ளைங்க சும்மா இருக்குமா? புங்கமரத்தடியில உக்காந்து படிக்க ஆரம்பிச்சிட்டுங்க. போற வர்றவன்லாம் பாத்துட்டு, இது என்னடா, போர்டு மட்டும் இருக்கிற ஸ்கூலுன்னான். அதான் பேரு."

"எந்தப் புங்கமரம் சித்தப்பா?"

"இப்ப இருக்கே, அதேதான்."

எனக்குப் புல்லரித்தது. கட்டடமே இல்லாமல் படித்துப் பெரிய ஆட்களான பள்ளி! அத்தை மகள் இதற்கு என்ன சொல்வாள்? அன்றே நான்கு பக்கம் எழுதி, சித்தப்பா முன்னால் நின்று பேசிக் காட்டினேன். என் பிழைகள் எதையும் அவர் கண்டுகொள்ளவில்லை. ஒரே ஓர் இடத்தில் மட்டும் நிறுத்தினார்.

"கட்டடம் பின்னால வருதுன்னு சொல்லிட்டுப் போனாங்கன்னு வருதுல்ல, அங்க கொஞ்சம் நிறுத்து. தாளப் பாக்காத. நிமிந்து மேடையில உக்காந்திருக்கிறவங்கள ஒரு பார்வை பாரு. அப்பறம் 'இன்னும் வரவில்லை'ன்னு சொல்லு."

"நான் 'வரவில்லை'ன்னுதான் எழுதியிருக்கேன்."

"'இன்னும்' போட்டுக்க. நல்லா இருக்கும்."

போட்டுக்கொண்டேன். தலைமையாசிரியர் என் தாளில் முதல் பக்கத்தை மட்டும், விருந்தினர்களின் பெயர்களுக்கு முன்னால் மாண்புமிகு, மதிப்புக்குரிய எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட்டார். அவருக்கு வேறு கவலைகள். சுவரில் இருந்த சிவப்பு எழுத்தின் மேல் 'வருக வருக' பேனரைக் கட்டி மறைத்தார். சைக்கிள் கொட்டகைக்குச் சீலை கட்டினார். புங்கமரத்தில் ஏழாவது பியின் கரும்பலகை ஆணியடித்து மாட்டியிருந்ததை மட்டும் மறந்துவிட்டார்.

விழாவில் நான் நன்றாகத்தான் பேசினேன். பெற்றோர்கள் பந்தல் நிறைய உட்கார்ந்திருந்தார்கள், அத்தை மகள் முன்வரிசையில். அந்த இடம் வந்தது. "கட்டடம் பின்னால் வருகிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்." நிறுத்தினேன். நிமிர்ந்து கலெக்டரைப் பார்த்தேன். "இன்னும் வரவில்லை."

பந்தலின் பின்பக்கம் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவ்வளவுதான், பந்தலே சிரித்தது. பிளஸ் டூ பையன்கள் விசிலடித்தார்கள். நான் தட்டுத்தடுமாறி மரத்தடிக்கு வந்து, அதனால்தான் இதற்குப் போர்டு ஸ்கூல் என்று பெயர் என்று முடித்தேன். கலெக்டர் தன் முன்னால் இருந்த மைக்கை இழுத்துக்கொண்டார்.

"எந்த மரம்மா?"

கையை நீட்டிக் காட்டினேன். எல்லாத் தலையும் அந்தப் பக்கம் திரும்பியது. வரிசையாக அடுக்கிய செங்கற்கள், கரும்பலகையில் முந்தின நாள் பின்னக் கணக்கு.

"இப்ப அங்க யாரு படிக்கிறாங்க?"

"ஏழாவது பி, சார்."

மறுபடியும் சிரிப்பு. என் காதெல்லாம் சுட்டது. ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டேன், எதை என்றுதான் தெரியவில்லை. பந்தல் கால் ஒன்றில் சாய்ந்து சித்தப்பா நின்றுகொண்டிருந்தார். அத்தனை கூட்டத்தில் அவர் மட்டும் சிரிக்கவில்லை. ஒன்றும் தெரியாதவர் மாதிரி நிற்கிறாரே என்று எனக்கு அவர்மேல் ஆத்திரமாக வந்தது.

கலெக்டர் கார் கிளம்பின கையோடு தலைமையாசிரியர் என்னைப் பிடித்துக்கொண்டார். "ஜில்லா போர்டு! ஜில்லா போர்டு! எட்டாவது படிக்கிற, இதுகூடத் தெரியாதா? யாரு எழுதிக் குடுத்தா?"

"சித்தப்பா."

"ஒஞ் சித்தப்பாவா!" என்று தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தார். மறுநாளிலிருந்து பிரார்த்தனை வாசிக்கிற வேலை என்னிடமிருந்து போயிற்று. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நடுவில் ஒரு நாள்கூட விடாமல் இரண்டு வருஷம் வாசித்தவள். அத்தை மகளோ அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைப் பார்த்ததும் கையை நீட்டி, "எந்த மரம்மா?" என்பாள். மொத்தப் பந்தலும் என் அறியாமையைப் பார்த்துத்தான் சிரித்தது என்று முழுசாக நம்பினேன்.

சித்தப்பாவோடு பேச்சை நிறுத்தினேன். ஒரு நாள், இரண்டு நாள் அல்ல, ஆண்டுவிழாவிலிருந்து ஆடிப்பெருக்கு வரை. நாகப்பட்டினம் போனவர் எனக்கென்று மை பேனா வாங்கிவந்தார். தொடவில்லை. புத்தகங்களில் இருந்த ஊதாச் சீட்டுகளை எல்லாம் உருவி, அவர் கண் முன்னாலேயே வெந்நீர் அடுப்பில் போட்டேன். அவர் பார்த்துக்கொண்டு நின்றார். "எரிச்சிட்டியா? சரி, போவுது" என்றார்.

முழுப் பரீட்சை லீவில் ஒரு ஜேசிபி வந்து பழைய கட்டடத்தை இடித்தது. புதுக் கட்டடத்துக்கு முதலில் வந்து இறங்கியது என்னவோ ஒரு போர்டுதான், வேலை விவரம் எழுதியது. சித்தப்பா அதைப் பார்த்துவிட்டு வந்து வீட்டில் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பத்தாவதைக் கூரைக்குக் கீழே, மின்விசிறிக்கு அடியில், சாம்பார் வாசனை இல்லாமல் படித்து முடித்தேன். அதற்கும் என் ஐந்து நிமிடப் பேச்சுக்கும் சம்பந்தம் உண்டு என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

பல வருஷம் கழித்து, அப்பா காலமான பிறகு, பட்டாவில் அவர் பெயர் தப்பாக ஏறியிருந்தது தெரியவந்தது. தாலுகா ஆபீசுக்கு நடந்து அலுத்துப்போய், கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கலாம் என்று போனேன். திங்கட்கிழமைதான் மனு வாங்குவார்கள் என்றார்கள். திங்கட்கிழமை போனேன். வரிசை வாசலைத் தாண்டி நின்றது. பாதிப் பேர் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு, மடித்த பையைக் கக்கத்தில் வைத்திருந்தார்கள். இரண்டு மணி நேரம் நின்று மனுவைக் கொடுத்ததும் ஒரு துண்டுச் சீட்டைக் கையில் வைத்தார்கள். ஓர் எண், ஒரு கிறுக்கல் கையெழுத்து, ஊதா முத்திரை. அதை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் அங்கேயே நின்றேன் என்று தெரியவில்லை. பின்னால் இருந்தவர், "நகருங்கம்மா" என்றார்.

வெளியே வந்ததும் சித்தப்பாவுக்குப் போன் போட்டேன். ஜில்லா போர்டு என்பது அவருக்குத் தெரியுமா, தெரியாதா? இத்தனை வருஷம் கழித்தாவது ஒரு நேரான பதில் சொல்லக் கூடாதா?

"அதெல்லாம் எனக்கு எப்படி ஆயி தெரியும்? நான் ஒம்பதாவதோட நின்னவன்" என்றார். "வெயில்ல நிக்காம வீட்டுக்குப் போ."

இந்த மனிதரை என்ன செய்வது! சித்தப்பாவுக்குப் பிள்ளைகள் கிடையாது. அந்தப் பள்ளியில் அவருக்கென்று படித்தவள் நான் ஒருத்திதான். சித்தியிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு, எனக்காக அவர் நின்ற வரிசைகளின் சீட்டுகளை நான் அடுப்பில் போட்டேன், அவர் பார்த்துக்கொண்டு நின்றார். எத்தனை மனுக்கள் என்று எண்ணிப் பார்க்கக்கூட இப்போது ஒன்றும் மிச்சமில்லை. நான்கு பக்கத்தில் அவர் திருத்தியது ஒரே ஒரு சொல். அங்கே நிறுத்தி, நிமிர்ந்து பார்க்கச் சொன்னார். நிறுத்தினேன், பார்த்தேன், 'இன்னும்' என்று சொன்னேன். அன்று மேடையில் என் கையில் இருந்தது அவருடைய கடைசி மனு என்பது மட்டும் எனக்குத் தெரியவில்லை.