பீபி கா மக்பரா பார்க்கப் போன அன்று

அம்மா செத்த வருஷம், முழுப்பரீட்சை லீவுக்கு அப்பா என்னை அவுரங்காபாத்துக்குக் கூட்டிப் போனார். எங்கள் ஊர்ப்பக்கம், பரளச்சி, நரிக்குடியிலிருந்து வடக்கே பிழைக்கப் போகிறவர்களில் பாதிப்பேர் முறுக்குக் கம்பெனிக்குத்தான் போவார்கள். கம்பெனி என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு தகரக் கொட்டகை, நாலைந்து அடுப்பு, எண்ணெய்ப் பிசுக்கேறிய சுவர், எல்லாரும் வரிசையாகப் படுத்துக்கொள்ள ஓர் அறை, பின்பக்கம் ஒரு தண்ணீர்த் தொட்டி. அவ்வளவுதான். அங்கே அப்பா சேவு பிழிந்தார்.

லீவு முழுக்க நான் அந்த அறைவாசலில் உட்கார்ந்து, தெருவில் போகிறவர்கள் பேசும் புரியாத பாஷையைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்பாவோடு இருக்கத்தான் வந்தேன். அப்பாவோ விடிந்ததிலிருந்து அடுப்போடு இருந்தார். சாயங்காலம் வேர்வையும் கடலைமாவு வாசமுமாக வந்து, "சாப்ட்டியா தாயி?" என்பார். நான் தலையாட்டுவேன். அதோடு அன்றைய பேச்சு முடிந்துவிடும்.

இருந்தாலும் எனக்கு ஊருக்குத் திரும்ப இஷ்டமில்லை. ஊரில் பெரியம்மா வீட்டில் இருந்தேன். பெரியம்மா நல்லவர். தன் பிள்ளைகளுக்கு வைக்கிற அதே கரண்டிச் சோறுதான் எனக்கும். ஆனால் அந்த வீட்டில் யாரும் அம்மா பேச்சை எடுக்க மாட்டார்கள். நான் எடுத்தாலும், புள்ள ஏங்கிப்போயிரும் என்று ஆளாளுக்கு வேறு பேச்சுக்குத் தாவிவிடுவார்கள். ராத்திரி போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, அம்மா என்று சத்தம் வராமல் சொல்லிப் பார்ப்பேன். அப்பாவிடமாவது பேசலாம் என்று நினைத்திருந்தேன்.

வருகிற திங்கட்கிழமை மாஸ்டர் ஊர் அம்மன் கோயில் பொங்கலுக்கு ரயிலேறுகிறார், அவரோடு நானும் போக வேண்டும் என்று முடிவாகிவிட்டது. மாஸ்டர் என்பவர் அந்தக் கொட்டகைக்கே பெரியவர், நரிக்குடிக்காரர். ஆகவே ஞாயிற்றுக்கிழமையை விட்டால் எனக்கு வேறு நாள் கிடையாது. 'நான் இங்கேயே இருந்துக்கிறேன்' என்று அன்றைக்குக் கேட்டே தீருவது என்று தீர்மானம் பண்ணியிருந்தேன். அன்று அடுப்பு கிடையாது. காலையிலேயே அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, "வா, பீபி கா மக்பரா பாத்துட்டு வருவோம்" என்றார்.

மாஸ்டருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏப்பா, அது சமாதிப்பா. நம்ம ஊருல மயானத்துப் பக்கம் பொம்பளைய விடுவமா? நீ என்னடான்னா பச்சப்புள்ளைய இழுத்துக்கிட்டுப் போற."

"ஊரே போய்ப் பாக்குதுண்ணே" என்றார் அப்பா.

"ஊரு போகும். நாம இத்தன வருசமா இருக்கம், போனமா?"

உண்மைதான். கூப்பிடு தூரத்தில் அவ்வளவு பெரிய கட்டடம் நிற்க, அந்தக் கொட்டகையில் ஒருத்தர்கூட அதைப் பார்த்ததில்லை. பார்த்தால் தலைக்குக் குளிக்க வேண்டும், அங்கே தண்ணீர்த் தட்டுப்பாடு என்பது அவர்கள் கணக்கு.

உள்ளே நுழைந்ததும் நீளமான நடைபாதை. நடுவில் தண்ணீரில்லாத வாய்க்கால். அந்தக் கோடியில் நாலு தூணுக்கு நடுவே வெள்ளையாய் ஒரு கோபுரம். எங்கள் பாடப்புத்தகத்தில் தாஜ்மகால் படம் உண்டு. இது அதற்கு ஒரு ஏழைத் தங்கச்சி மாதிரி இருந்தது. "இது புருசன் பொண்டாட்டிக்குக் கட்டுனது இல்ல தாயி. ஒரு பாதுஷா மகன் அவுக அம்மாவுக்குக் கட்டுனது" என்றார் அப்பா. யாரோ சொல்லிக் கேட்டு வைத்திருந்திருக்கிறார்.

வாசப்படியில் நான் நின்றுவிட்டேன். அம்மாவைத் தூக்கிக்கொண்டு போனபோது, தெருமுனையோடு பெண்களெல்லாம் நின்றுவிட்டார்கள். பெரியம்மா என்னை இறுக்கிப் பிடித்திருந்தார். கொட்டுச் சத்தம் கண்மாய்க்கரை திரும்பியதும், எல்லாரும் குளிக்கப் போய்விட்டார்கள். அம்மா எந்த இடத்தில் இருக்கிறாள் என்பது இன்னமும் எனக்குத் தெரியாது.

"பொம்பளைக போலாமாப்பா?" என்றேன்.

"இங்க போலாம் தாயி."

உள்ளே பெண்கள் செல்போனில் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு குழந்தை குச்சி ஐஸுக்கு அழுதது. சுற்றிலும் சல்லடையாய்க் குடைந்த பளிங்குத் தட்டி. அதற்கு மேலிருந்து எட்டிப் பார்த்தால், கீழே பள்ளத்தில் துணி போர்த்திய சமாதி. அப்பா வெகுநேரம் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார். நான் கேட்பதற்காக வாயைத் திறந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"அம்மா மொகம் எப்படி இருந்துச்சு தாயி?"

அம்மா காய்ச்சலில் செத்தது ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலை. அப்பா ரயிலேறி வர ரெண்டு நாளாகும். மறுநாள் சனிக்கிழமை, சனியன்று எடுக்கக்கூடாது என்று பெரியவர்கள் சொன்னதால், வெள்ளிக்கிழமை சாயங்காலமே எடுத்துவிட்டார்கள். அப்பா ஞாயிற்றுக்கிழமைதான் வந்து சேர்ந்தார்.

"தூங்குற மாதிரி இருந்துச்சு" என்றேன். துக்கத்துக்கு வந்தவர்கள் அப்படித்தான் சொன்னார்கள்.

"கண்ணு நல்லா மூடியிருந்துச்சா?"

"ம்."

"என்ன சேல கட்டிவிட்டாக?"

"மாமா கொண்டாந்த கோடி. செவப்பு."

"செவப்பா?" என்றார். பிறகு, "வாய்க்கரிசி போட்டியா?" என்றார்.

"போட்டேன்."

"எந்தக் கையால?"

எனக்குச் சலிப்பாக இருந்தது. இதெல்லாம் ஒரு கேள்வியா? வலது கையை நீட்டினேன். அதைப் பிடித்தவர் விடவேயில்லை. படியிறங்கி, நடைபாதை முழுக்கப் பிடித்தபடியே வந்தார். அப்பா என்னை அப்படிப் பிடித்து நடந்ததே இல்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இதுதான் சமயம் என்று, "நான் ஊருக்குப் போகலப்பா. ஒங்க கூடயே இருக்கேன்" என்று சொல்லிவிட்டேன். அவர் பிடி இன்னும் இறுகியது. சரி என்கிறார் என்றே எடுத்துக்கொண்டேன்.

கொட்டகை வாசலில் மாஸ்டர் குறுக்கே நின்றார். "அடுப்பு எரியிற எடம். குளிக்காம ஒரு ஆளு உள்ள வரக்கூடாது." ஊர்க்காரர்கள் ஐஸ் தின்றுவிட்டு வரும் இடத்துக்குப் போய்வந்து தலைமுழுகியவர்கள் அந்த ஊரிலேயே நாங்கள் ரெண்டு பேர்தான். நான் பின்பக்கம் போய் ரெண்டு செம்பு ஊற்றிக்கொண்டு, ஈரத்தலையோடு வந்து, அப்பா வாயால் அந்தச் சரியைக் கேட்கக் காத்திருந்தேன்.

அப்பா குளித்தார், குளித்தார், குளித்துக்கொண்டே இருந்தார். தகரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் வாளி வாளியாகத் தண்ணீர் விழுந்தது. "ஏப்பா, தண்ணி லாரி நாளைக்குத்தான் வரும்! தொட்டியக் காலி பண்ணிப்புடாத" என்று மாஸ்டர் கத்தினார். தண்ணீர்ச் சத்தம் நிற்கவில்லை. திட்டிக்கொண்டே பின்பக்கம் போனவர், தடுப்புக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு திரும்பி வந்தார். அறையில் முணுமுணுத்தவர்களிடம், "விடுங்கப்பா. அவரு குளிக்கட்டும்" என்றார்.

எனக்குப் பதில் சொல்லாமல் தப்பிக்கத்தான் நேரத்தைக் கடத்துகிறார் என்று நினைத்தேன். நினைத்த மாதிரியே, தலை துவட்டாமல் வந்து நின்று, "ஆம்பளைக கெடக்குற எடம் தாயி. மாஸ்டரோட பத்திரமாப் போ" என்றார். அதோடு நான் அவரோடு பேசவில்லை. மறுநாள் ரயில் நகர்ந்தபோது ஜன்னலோடு கூடவே ஓடிவந்தார். நான் மாஸ்டர் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் என்னை அனுப்பிவிட்டார் என்பதுதான். அம்மாவை வழியனுப்பிவிட்டு எல்லாரும் குளித்து முடித்து, தலைகூடக் காய்ந்துபோன ஒரு வீட்டுக்குத்தான் அந்த மனுஷன் துக்கத்துக்கு வந்து சேர்ந்தார், அம்மாவுக்காக அவர் தலைமுழுகியது அந்தத் தகரத் தடுப்புக்குப் பின்னால்தான் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.