குழாயடி லேடீஸ் பெட்டி

மீனம்பாக்கம் மெட்ரோவில் அம்மாவோடு காத்திருந்தபோது, எதிர்ப்பக்கம் வந்து நின்ற ரயிலின் இரும்புச் சூட்டு வாசனை என்னைப் பழைய குரோம்பேட்டை ஸ்டேஷனில் கொண்டுபோய் இறக்கியது. மீட்டர் கேஜ் ரயிலின் லேடீஸ் பெட்டி தண்ணீர்க் குழாய்க்கு நேராகத்தான் நிற்கும் என்பதால், டீச்சரான அம்மாவும் ஆபீஸ் போகும் அக்காக்களும், வழியில் நறுக்க அவரைக்காய், கட்டப் பூ என்று பை நிறைய வைத்துக்கொண்டு, குழாயடியிலேயே கூடுவார்கள். மீட்டர் கேஜ் போய் அகலப்பாதையில் புது ரயில் வந்த அன்று, அந்தப் பெட்டி குழாயைத் தாண்டி எங்கோ போய் நின்றது.

“டீச்சர், ஓடுங்க, வண்டி போயிடும்” என்றாள் ஒரு அக்கா. காய்ப்பை குலுங்க, அம்மாவின் பள்ளியிலேயே படித்த என்னையும் இழுத்துக்கொண்டு, சிரிப்பு தாங்காமல் எல்லோரும் ஓட, கடைசி ஆள் ஏறும்வரை கார்டு பெல் அடிக்கவில்லை.

மெட்ரோவில் கதவு வரும் இடத்தைத் தரையில் கோடு போட்டே காட்டியிருக்கிறார்கள். அம்மா அதைக் கண்டுகொள்ளவில்லை.

“இங்க குழாய் எங்கடி?” என்றாள்.